எல்லைப்புறத்து அச்சுக்கூடமும் பெருந்தெருக் குறிப்புப் பலகையும்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துப் பெருந்தெருக்களிற் செல்வோர், ஓரங்களில் நிறுத்தப்பெற்ற வரலாற்றுக் குறிப்புப் பலகைகள் பலவற்றைக் காண்பர். கடந்து செல்வோன் நின்று படித்தற்குரியன சில வரிகளே. 'விடுதலைத் தூதன்' எனப் பொருள்படும் 'ஹெறல்ட் ஒவ் ஃபிறீடம்' என்னும் குடியேற்றவாசிகளின் பத்திரிகையை அச்சில வரிகளுள் அடக்குதல் எளிதன்று.

1854 மே மாதத்தில் நிறைவேறிய கன்சாஸ்-நெபிராஸ்காச் சட்டம், அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்குக் குடியேறுவோரே துணியுமாறு விட்டது. ஆகவே ஆட்களைத் திரட்டுதலே அரசியலாயிற்று. ஆட்களைத் திரட்டுதற்குப் பத்திரிகை வேண்டப்பட்டது. ஜோர்ஜ் பிறவுண் என்பார் வெளியிட்ட முதலிதழ், கன்சாஸ் பிரதேசத்து வாக்கறூசாவிலிருந்து 1854 ஒக்டோபர் 21 இல் வெளிவந்ததாகத் தன் முகப்பிற் கூறுகின்றது. உண்மையில் அது அச்சானது நெடுந்தொலைவிலுள்ள பென்சில்வேனியாவிலேயாம். இரண்டாம் இதழே, 1855 சனவரியில், லோறன்ஸ் நகரில் அச்சேறியது. ஊர் உருவாகுமுன் ஊர்ப் பத்திரிகை பிறந்துவிட்டது! முகப்பிலுள்ள ஊர்ப்பெயரையும் திகதியையும் அவ்வாறே நம்பும் மாணாக்கன் இங்கே ஏமாறுவான்.

அந்நிலம் வெறுநிலமும் அன்று. ஷோனி மக்களுக்கென அரசினர் ஒதுக்கியிருந்த அப்பகுதியின் பெரும்பங்கு, அதே 1854 இல் ஓர் உடன்படிக்கையாற் கைமாறியது. குடியேறியோரின் உரிமையை முழங்கிய ஏடுகள் இதனைப் பெரிதாக எண்ணியதாகத் தோன்றவில்லை.

1856 மே 21 இல், அடிமை முறையை ஆதரித்தோர் பெரும்படையாக லோறன்சினுட் புகுந்தனர். பிறவுண் அப்போது இராசத்துரோகக் குற்றச்சாட்டின்பேரிற் காவலில் இருந்தார். ஹெறல்டினதும் 'கன்சாஸ் ஃபிறீ ஸ்ரேற்' பத்திரிகையினதும் அச்சியந்திரங்கள் உடைக்கப்பட்டன, அச்செழுத்துகள் கன்சாஸ் ஆற்றில் எறியப்பட்டன, விடுதியொன்றும் எரியூட்டப்பட்டது. இச்செயல் புதியதன்று. மிசூரியிலுள்ள பார்க்வில் நகரத்துப் பத்திரிகையொன்றின் யந்திரம் முந்திய ஆண்டிலேயே ஆற்றில் அமிழ்த்தப்பட்டிருந்தது. எல்லைப்புறத்திற் புதிய அச்சியந்திரம் பெறுதல் எத்துணை அரிதென்பதை அழித்தவர் நன்கறிந்திருந்தனர்.

அச்செழுத்து என்பது ஈயத்தோடு வெள்ளீயமும் அந்திமனியும் கலந்த உலோகம். குறைந்த வெப்பத்தில் உருகும்; ஆறியபின் ஈயத்தினும் வன்மையுடையதாகும். ஆற்றினின்று மீட்ட எழுத்துகளை லோறன்ஸ் மக்கள் உருக்கிப் பீரங்கிக் குண்டுகளாக வார்த்தனர். அக்குண்டுகள் 1856 ஓகத்து 16 இல், லெக்கொம்ற்றன் நகருக்கு அருகே எதிர்க்கட்சியினரான கேணல் ரைற்றஸ் என்பாரின் அரண்வீட்டின்மீது எறியப்பட்டன. அடிமை முறையை எதிர்த்துச் சொற்போர் புரிந்த எழுத்து, வடிவிழந்து வெறும் உலோகமாகவும் போர் புரிந்தது. குறிப்புப் பலகை எழுதுவோர்க்கு இதனினும் இனிய செய்தி வேறில்லை; ஆயின் பென்சில்வேனியாவில் அச்சான முதலிதழும், ஷோனி மக்களின் நிலமும் அதனருகே இடம் பெறுதல் வேண்டும்.

பிறவுண் அவ்வாண்டுச் செப்டெம்பரில் விடுதலையானார். நவம்பரிற் பத்திரிகை மீண்டும் வெளிவந்து, 1859 வரை நடைபெற்றது. கன்சாஸ் 1861 சனவரி 29 இல் அடிமை முறையற்ற மாநிலமாக ஐக்கிய நாட்டிற் சேர்ந்தபோது, அப்பத்திரிகை இருக்கவில்லை.