மாபெரும் ஊஞ்சல்

மாபெரும் ஊஞ்சல் (தாய் மொழியில் சாவோ சிங் சா) என்பது தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்கில், சுதத் பௌத்தக் கோயிலின் முன் நிற்கும் தேக்கு மரச் சட்டகம் ஆகும். செந்நிறம் பூசப்பெற்ற இதன் உயரம் ஏறத்தாழ 21 மீட்டர்.

வரலாறு

1784 ஆம் ஆண்டில் முதலாம் இராமா மன்னர் இதனைத் தேவஸ்தான் எனும் இந்துக் கோயிலின் முன் அமைத்தார். 1920 இல் இது இன்றைய இடத்துக்கு மாற்றப்பட்டது. சிவபெருமான் ஆண்டுக்கொருமுறை மண்ணுலகுக்கு வந்து தங்குவதாகக் கருதி நடத்தப்பெற்ற திரியம்பாவாய் விழாவில், ஆடவர் இவ்வூஞ்சலில் உயர ஆடி, மூங்கிற் கழியில் கட்டிய நாணயப் பையைப் பல்லாற் கவ்வினர். வீழ்ந்து இறந்தோரும் உளர். 1935 இல் ஊஞ்சலாட்டம் நிறுத்தப்பட்டது. தற்போதுள்ள சட்டகம் பிரே மாகாணத்தின் ஆறு தேக்கு மரங்களால் செய்யப்பட்டு 2007 இல் நிறைவுற்றது.

தமிழ்த் தொடர்பு

திரியம்பாவாய், திரிபாவாய் என்பன திருவெம்பாவை, திருப்பாவை ஆகிய பெயர்களின் திரிபுகளாகும். ஊஞ்சலாட்டம் நின்றபோதும் ஓதுதல் நிற்கவில்லை. அரசவை அந்தணர் இன்றும் தேவஸ்தானில், கிரந்தத்திலிருந்து தோன்றிய எழுத்தில் அமைந்த ஏடுகளைக் கொண்டு இப்பாடல்களை ஓதுகின்றனர். ஒலிப்பு பெரிதும் மாறிவிட்டமையால் தமிழரே கேட்டாலும் உடனே இனங்காண்பது அரிது.

பார்வையிடல்

பலகையும் கயிறும் இல்லாமையால், விவரம் அறியாத பயணிகள் இதனைத் தோரண வாயில் எனக் கருதிப் படமெடுத்துவிட்டு அரண்மனைக்குச் சென்றுவிடுவதுண்டு. சிறிது நடந்தால் தேவஸ்தானை அடையலாம். அங்கு சிவன், பிள்ளையார், திருமால் ஆகியோருக்குத் தனித்தனிச் சன்னதிகள் உள்ளன. 2019 இல் திறக்கப்பட்ட சாம் யோட் சுரங்கத் தொடர்வண்டி நிலையம் அண்மையில் உள்ளது.