லினக்ஸ் மடிக்கணினியில் அறுபடும் கம்பியில்லா இணைப்பு

வீட்டில் மற்ற கணினிகளுக்கெல்லாம் ஒழுங்காக வரும் இணைப்பு, லினக்ஸ் மடிக்கணினியில் மட்டும் அறுந்துபோனால் உடனே லினக்ஸைக் கைவிட வேண்டியதில்லை. முதலில் 'டிமெஸ்ஜி' கட்டளையை இட்டு கர்னல் பதிவைப் பாருங்கள். ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்றிருந்தால் அதற்கான பொதியை நிறுவுங்கள்.

அடுத்த சந்தேகம் மின்சேமிப்பு. பேட்டரியை மிச்சப்படுத்த வைஃபை அட்டை இடையிடையே உறங்கும். சில டிரைவர்களில் அது சரியாக விழிக்காமல் இணைப்பு அறும். நெட்வொர்க் மேனேஜர் அமைப்பில் 'வைஃபை.பவர்சேவ்' மதிப்பை 2 ஆக்கி, அந்தச் சேவையை மறுபடி துவக்கினால் உறக்கம் நிற்கும். பேட்டரி சற்று முன்னதாகத் தீரும், அவ்வளவுதான்.

அப்படியும் சரியாகாவிட்டால் குற்றம் அலைவரிசையில் இருக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அண்டை வீட்டு ரவுட்டர்களோடு மைக்ரோவேவ் அடுப்பும் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எது தீர்த்தது என்பது அப்போதுதான் தெரியும்.