செப்டம்பர் 2-ல் இடிந்த பாலம், செப்டம்பர் 2-ல் திறந்த பாலம்: தேதிகளில் சகுனம் இருக்கா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தென்பெண்ணை ஆறு புதுசு இல்லை. தை மாத ஆற்றுத் திருவிழாவுக்கு மணலில் இறங்கி நடக்கும் அதே ஆறுதான், மழைக்காலத்தில் கரை தாண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் வந்த வெள்ளம், இன்னொன்றையும் அடித்துக்கொண்டு போனது.

திருவண்ணாமலை மாவட்டத்தில், அகரம்பள்ளிப்பட்டு - தொண்டமானூர் இடையே தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டப்பட்ட உயர்மட்டப் பாலம் அது. திறப்பு விழா நடந்தது 2024 செப்டம்பர் 2. மூன்று மாதத்தில் பாலம் வெள்ளத்தில் போய்விட்டது.

இப்போது 68 வருடம் பின்னால் போவோம். 1956 செப்டம்பர் 2. இன்றைய தெலங்கானாவில் உள்ள மகபூப்நகர் அருகே, வெள்ளத்தில் ரயில் பாலம் இடிந்து 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே தேதி. ஒரு பாலம் இடிந்த நாளில் இன்னொரு பாலம் திறக்கப்பட்டிருக்கிறது.

படிக்கும்போது லேசா உடம்பு சிலிர்க்குதா? அந்தச் சிலிர்ப்பு எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்போம்.

அரியலூரில் என்ன நடந்தது?

தமிழ்நாட்டில் பாலம் இடிந்த விபத்து என்றாலே பெரியவர்கள் சொல்வது அரியலூரைத்தான். 1956 நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ் ரயில், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் உளுந்தூர்பேட்டை வழியாக விருத்தாசலம் தாண்டி வந்துகொண்டிருந்தது. அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம். பாலம் இடிந்து, இன்ஜினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மகபூப்நகர் விபத்தின்போதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்ய முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. மூன்று மாதத்துக்குள் அரியலூர். இந்த முறை ராஜினாமா ஏற்கப்பட்டது. பொறுப்பேற்று விலகும் அமைச்சருக்கு இன்றைக்கும் அதுதான் உதாரணம். அப்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் ஓ.வி.அழகேசன். அவரைக் குறிவைத்து, எதுகையோடு எழுந்த தேர்தல் முழக்கமும் ஊர் ஊராகப் பரவியது. ஒரு விபத்து அரசியல் குறியீடாக மாறியது இப்படித்தான்.

தேதிகள் ஏன் பொருந்துகின்றன?

தேடினால் பொருத்தம் கிடைக்கும் என்பதால்தான். இன்னொரு உதாரணம் பாருங்க. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பன் பாலமும் பலத்த சேதம் அடைந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் கடலில் மூழ்கியது டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி. அதை 22 என்று எடுத்தால், 2001 ஜூன் 22-ல் கேரளாவின் கடலுண்டி பாலத்திலிருந்து மங்களூர் - சென்னை மெயில் விழுந்த தேதியோடு பொருந்தும். நள்ளிரவு தாண்டி 23 என்று எடுத்தால், அரியலூரோடு பொருந்தும். எப்படிப் பார்த்தாலும் 'அட!' போடலாம்.

கணக்கும் இதையே சொல்கிறது. எந்த 7 சம்பவங்களை எடுத்தாலும், அதில் ஏதாவது இரண்டு மாதத்தின் ஒரே தேதியில் வர வாய்ப்பு பாதிக்கு மேல். தேதி மட்டும் இல்லாமல் ரயில் எண், ஊர்ப் பெயர், இறந்தவர் எண்ணிக்கை, திறந்துவைத்தவர் பெயர் என்று தேடிக்கொண்டே போனால், பொருத்தம் கிடைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பொருந்தாத நூறு விஷயம் நம் கண்ணில் படாது. பொருந்தும் ஒன்றுதான் வாட்ஸ்அப்பில் வரும்.

இதற்குப் பெயர் ஏதாவது உண்டா?

உண்டு. காரண காரியத் தொடர்பு இல்லாத இரண்டு நிகழ்வுகள் அர்த்தத்தோடு ஒன்றுசேர்வதை, சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 'சிங்க்ரோனிசிட்டி' என்றார். 1952-ல் இதுபற்றி விரிவாக எழுதினார். பெண் ஒருவர் கனவில் கண்ட பொன் வண்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜன்னலில் ஒரு வண்டு வந்து மோதியது அவர் சொன்ன பிரபலமான உதாரணம்.

தொடர்பே இல்லாத விஷயங்களுக்குள் தொடர்பு காண்பதற்கு, ஜெர்மன் மனநல மருத்துவர் கிளாஸ் கான்ராட் 1958-ல் 'அபோஃபீனியா' என்று பெயர் வைத்தார். அவர் பேசியது மனநோயின் ஆரம்ப நிலை பற்றி. இப்போது எல்லோருக்கும் இருக்கும் பழக்கத்துக்கும் அந்தச் சொல் பயன்படுகிறது.

இது முட்டாள்தனம் இல்லை. திடீரென்று ஒருவரை இழந்த வீட்டில், 'அன்னைக்கு அவர் கிளம்பும்போதே மனசு சரியில்ல' என்று பேசுவது துக்கத்தைத் தாங்கும் ஒரு வழி. அந்தப் பேச்சு காரணத்தின் இடத்தில் வந்து உட்காரும்போதுதான் பிரச்சினை.

அப்படி உட்கார்ந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் ஓஹையோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15 மாலை, வாகன நெரிசலில் இடிந்து 46 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஒரு வருடமாக அந்த ஊரில் சிறகுள்ள ஓர் உருவத்தைப் பார்த்ததாகச் சிலர் சொல்லிவந்தார்கள். அதற்கு 'மாத்மேன்' என்று பெயர். விபத்துக்குப் பிறகு அது அபசகுனமாகிவிட்டது. புத்தகமும் சினிமாவும்கூட வந்தன.

விசாரணை கண்டுபிடித்தது வேறு. பாலத்தைத் தாங்கிய இரும்புப் பட்டைகளில் ஒன்றில் சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு விரிசல். 1928-ல் திறந்த பாலத்தில் அது வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்திருந்தது. அமெரிக்கா முழுக்கப் பாலங்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்கும் விதிகள் பிறந்தது இந்த விசாரணைக்குப் பிறகுதான். மாத்மேனால் ஒரு பாலத்தைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

நம்ம ஊர்ப் பக்கமும் 'பாலம் பலி கேக்கும்' என்ற பழைய பேச்சு உண்டு. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பங்களாதேஷ் சாட்சி. பத்மா ஆற்றுப் பாலத்துக்கு மனிதத் தலைகள் தேவைப்படுவதாக 2019-ல் வதந்தி கிளம்பியது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று சந்தேகப்பட்டு, ஒரு பாவமும் அறியாத 8 பேரைக் கும்பல் அடித்துக் கொன்றது.

அகரம்பள்ளிப்பட்டில் கேட்க வேண்டியது என்ன?

முதல் விஷயம் மழை. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், மெதுவாக நகர்ந்து உள் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. அந்தத் தண்ணீரெல்லாம் சாத்தனூர் அணைக்கு வந்து, அங்கிருந்து ஆற்றில் திறக்கப்பட்டது.

இரண்டாவது, கொள்ளளவு. விநாடிக்கு சுமார் 54,000 கன அடி தண்ணீர் போகும்படி பாலம் வடிவமைக்கப்பட்டது, வந்ததோ சுமார் 2 லட்சம் கன அடி என்பது அரசுத் தரப்பு விளக்கம். கட்டுமானத் தரம் சரியில்லை என்பது எதிர்க்கட்சிகளின் புகார்.

இந்த இரண்டையும் சோதித்துப் பார்க்க முடியும். எத்தனை வருடத்து வெள்ளக் கணக்கை வைத்து 54,000 முடிவானது? அணைக்குக் கீழே கட்டும் பாலத்துக்கு, அணை திறக்கக்கூடிய அதிகபட்ச நீர் கணக்கில் வந்ததா? தூண்களின் அஸ்திவாரத்தைச் சுற்றி மண் அரிப்பு எவ்வளவு ஆழம் போகும் என்று பார்த்தார்களா? இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள். 'செப்டம்பர் 2 ராசியில்லாத தேதி' என்று சொல்லிவிட்டால், யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சகுனம் வேற, அறிகுறி வேற

கல்வராயன் மலை அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மலையில் கறுத்துக்கொண்டு மழை இறங்கினால், அடிவாரத்தில் வெயில் அடித்தாலும் ஆற்றில் தண்ணீர் வரும். கோமுகியும் மணிமுக்தாவும் அங்கிருந்துதான் இறங்குகின்றன. தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அது அறிகுறி. முன்கூட்டியே தெரியும், உயிரைக் காப்பாற்றும். சகுனமோ, எல்லாம் முடிந்த பிறகுதான் 'சகுனம்' என்று தெரியவரும்.

பாலத்துக்கும் அறிகுறிகள் உண்டு. தூணைச் சுற்றி மண் பறிந்து அஸ்திவாரம் வெளியே தெரிவது, தூண் சாய்வது, இணைப்புச் சாலை உள்வாங்குவது, மேல்தளத்தில் புது விரிசல், கைப்பிடிச் சுவர் நேர்கோட்டிலிருந்து விலகுவது. இதில் எதைப் பார்த்தாலும் போட்டோ எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு, ஊராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ, கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலோ மனுவாகக் கொடுங்கள். மனு கொடுத்த ரசீதை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அணை திறப்பு எச்சரிக்கை வந்த பிறகு, தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது வண்டியை இறக்க வேண்டாம். அது எந்தத் தேதியாக இருந்தாலும் சரி.