'சாப்டியா கண்ணு?'ன்னு கேட்டா பதில் வராது... குழு ஓவியச் சிகிச்சை: ஏன், எப்படி, எங்கே?

சேலம், நாமக்கல் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, 'சாப்டியா கண்ணு?' அடுத்தது, 'என்ன இப்படி இளைச்சுட்டே?' இல்லைன்னா, 'வெயிட் போட்டுட்டியே!' நமக்கு இது பாசம். ஆனா, உண்ணுதல் கோளாறு இருக்கிறவர் நாள் முழுக்கத் தப்பிச்சு ஓடுற கேள்வியே இதுதான். 'சாப்பிட்டேன்'னு ஒரு பொய் சொல்வார். பேச்சு அதோட முடிஞ்சுடும்.

அப்படிப் பேச முடியாதவங்களுக்குக் கைகொடுக்கிற ஒரு வழிதான் குழு ஓவியச் சிகிச்சை, அதாவது குரூப் ஆர்ட் தெரபி.

எது உண்ணுதல் கோளாறு?

எல்லா டயட்டும் நோய் கிடையாது. எடை கூடிடுமோங்கிற பயத்தில் உடம்புக்குத் தேவையானதைக்கூடச் சாப்பிடாமல் இருப்பது அனோரெக்ஸியா. கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுட்டு, வாந்தி எடுத்தோ பட்டினி கிடந்தோ அதைச் 'சரிக்கட்ட' நினைப்பது புலிமியா. சரிக்கட்டாமல், அடிக்கடி அளவு மீறிச் சாப்பிட்டுக் குற்ற உணர்வில் தவிப்பது பிஞ்ச் ஈட்டிங். ஆண்களுக்கும் இது வரும். மனநலப் பிரச்னைகளில் உயிரிழப்பு அதிகமுள்ளவற்றில் அனோரெக்ஸியாவும் ஒன்று.

'இதெல்லாம் வெளிநாட்டு வியாதி'ன்னு நினைக்கிறீங்களா? சென்னை மனநல மருத்துவர்கள் 210 மருத்துவ மாணவர்களிடம் ஆய்வு செஞ்சு 1998-லயே கட்டுரை வெளியிட்டாங்க. அதில் சுமார் 15 சதவீதம் பேருக்கு உணவு தொடர்பான மனஉளைச்சல் இருந்தது. நாமதான் கவனிக்கலை. ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டைத் தள்ளிட்டுப் போற பிள்ளையை, 'பரீட்சை டென்ஷன்'னு விட்டுடுறோம்.

ஏன் ஓவியம்?

காசநோய்க்காக சானடோரியத்தில் இருந்த பிரிட்டிஷ் ஓவியர் ஏட்ரியன் ஹில், வரைவது தன்னைத் தேற்றுவதைக் கவனிச்சார். 'ஆர்ட் தெரபி'ங்கிற பெயரை 1942-ல் வெச்சதும் அவர்தான்.

உண்ணுதல் கோளாறு இருக்கிற பலருக்கு, மனசுல இருக்கிறது கோபமா, பயமா, தனிமையான்னு பிரிச்சுச் சொல்ல வராது. எல்லாமே 'நான் குண்டா இருக்கேன்'ங்கிற ஒரே வாக்கியமா வெளியே வரும். நிறத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. 'இந்த வாரம் எப்படி இருந்துச்சு?'ங்கிற கேள்விக்கு, பேப்பரின் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி வெச்சாலும் அது பதில்தான்.

இன்னொண்ணு, எதையும் அப்பழுக்கில்லாமல் செய்யணும்ங்கிற பிடிவாதம் இவங்களில் பலருக்கு உண்டு. கோலத்தில் ஒரு புள்ளி தவறினாலே மொத்தத்தையும் அழிச்சிடுற டைப். வாட்டர் கலர் நாம சொன்ன இடத்தில் நிற்காது, ஓடும். 'ஓடினாலும் பரவாயில்லை'ன்னு மனசு பழகுறதே பயிற்சி.

ஏன் குழு?

இது ரகசியமா வளர்ற நோய். 'எனக்கு மட்டும்தான் இப்படி'ங்கிற வெட்கம்தான் அதுக்குத் தீனி. பக்கத்தில் இருப்பவரும் அதே கறுப்புப் புள்ளியை வெச்சிருக்கிறதைப் பார்க்கும்போது அந்த வெட்கம் கொஞ்சம் குறையும்.

உள்ளே என்ன நடக்கும்?

ஒரு சின்னக் குழு, ஒரு தெரபிஸ்ட். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் நடக்கும். முதலில் சின்ன விசாரிப்பு. அடுத்து ஒரு தலைப்பு: 'என் சாப்பாட்டு மேஜை', 'நோய்க்கு முகம் இருந்தா?' வரைஞ்சு முடிச்சதும், விருப்பம் உள்ளவங்க பேசலாம். எடை, கலோரி எண்களைப் பேசக் கூடாது. யார் உடம்பையும் கமென்ட் அடிக்கக் கூடாது. படத்துக்கு அர்த்தம் சொல்ற உரிமை வரைஞ்சவருக்கு மட்டும்தான். வரையத் தெரியணும்னு அவசியமே இல்லை.

இதைக் கவனிங்க!

ஓவியம் துணைச் சிகிச்சை மட்டுமே. இதுபற்றிய ஆய்வுகளும் இன்னும் குறைவு. மருத்துவர், உணவு ஆலோசகர், மனநல ஆலோசனை, குடும்பத்தின் பங்கு... இதெல்லாம்தான் அடிப்படை. மயக்கம், நெஞ்சு படபடப்பு, மாதவிடாய் நின்றுபோவது, தொடர் வாந்தி இருந்தா முதலில் டாக்டரைப் பாருங்க. வாந்தியால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைஞ்சு இதயத் துடிப்பே தடுமாறலாம். உடம்பின் அவுட்லைனை வரையிற பயிற்சியை இன்ஸ்டா வீடியோ பார்த்து வீட்டில் செய்யாதீங்க. அது சிலருக்கு வேதனையைக் கூட்டிடும். டிராயிங் கிளாஸும் தெரபியும் ஒண்ணு இல்லை. அதனால தெரபிஸ்ட்டோட பயிற்சி, தகுதி என்னன்னு தயங்காமக் கேளுங்க.

எங்கே போகலாம்?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். நாமக்கல்காரங்களுக்கு அங்கேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. கூடுதல் சிகிச்சை தேவைப்பட்டா பெங்களூரு நிம்ஹான்ஸ், சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். நேரில் போகத் தயக்கமா? 'டெலி மானஸ்' 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமா போன் பண்ணலாம், தமிழிலேயே பேசலாம்.

உங்க ஃப்ரெண்ட் தட்டைத் தள்ளி வைக்கிறதைப் பார்த்தீங்கன்னா, 'ஏன் சாப்பிடலை?'ன்னு கேட்காதீங்க. 'கொஞ்ச நாளா நீ சரியில்லைன்னு தோணுது, டாக்டர்கிட்ட போகணும்னா நானும் வர்றேன்'னு சொல்லுங்க. சொன்ன மாதிரியே கூடப் போங்க.