கடற்பறவை வேட்டையும் இன அழிவும்: எலும்புச் சான்றுகள் ஓர் ஆய்வு

பழங்குப்பை மேட்டில் கிடைக்கும் எலும்பு, ஒரு பறவை கொல்லப்பட்டதை உணர்த்தும். அதன் இனம் யாரால் அழிந்தது என்பதைத் தனித்து நின்று உணர்த்தாது. இவ்வேறுபாட்டை மறப்பின், வேட்டையாடி உண்ட தொல்குடியினர்மீதே அழிவின் பழி முழுவதையும் சுமத்த நேரிடும். வட அட்லாண்டிக் கடலில் வாழ்ந்து மறைந்த ‘பெரிய ஆக்’ என்னும் பறவையின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பறவை ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயரமும் 5 கிலோகிராம் எடையும் உடையது. பறக்கும் ஆற்றல் அற்றது, நீந்துதலில் வல்லது. ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். முட்டையிடும் பருவத்தில் மட்டும் பாறைத் தீவுகள் சிலவற்றில் பெருந்திரளாகக் கூடும். எனவே, தீவினை அடைந்தார்க்கு அஃது எளிய இரையாயிற்று. இழந்த தொகையை விரைந்து ஈடுசெய்தலும் அதற்கு அரிதாயிற்று.

தொல்குடியினர் இதனை வேட்டையாடினர் என்பதில் ஐயமில்லை. டென்மார்க்கின் கடற்கரைகளில் உள்ள சிப்பி மேடுகளில் இதன் எலும்புகள் இருத்தலை ஸ்டீன்ஸ்டிரப் என்னும் அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே கண்டு கூறினார். நியூபவுண்டுலாந்தின் போர்ட்டோ ஷுவா என்னுமிடத்தில் 1967இல் வெளிப்பட்ட பழைய இடுகாடு இதனினும் சிறந்த சான்றாகும். ஏறத்தாழ 4,000 ஆண்டுகட்கு முற்பட்ட அவ்விடத்தில், ஒரு கல்லறையில் மட்டும் இப்பறவையின் அலகுகள் இருநூற்றுக்கும் மேற்பட்டுக் கிடைத்தன. தலையோடு கூடிய தோல்களால் ஆகிய ஆடையின் எச்சம் அவை என்பர். பறவை அம்மக்களுக்கு உணவு மட்டும் அன்று, இறந்தார்க்குச் செய்யும் சிறப்பிலும் இடம்பெற்றது என்பது இதனாற் பெறப்படும். எனினும், இத்தகைய வேட்டை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிகழ்ந்தும் இனம் எஞ்சியே நின்றது.

இனி, ஃபங்க் தீவின் சான்றினை நோக்குவோம். நியூபவுண்டுலாந்தை அடுத்த இச்சிறு தீவினைக் கார்ட்டியர் என்னும் பிரெஞ்சு மாலுமி 1534இல் அடைந்தார். அரைமணி நேரத்திற்குள் இரண்டு படகுகள் நிறையப் பறவைகள் கொல்லப்பட்டன. பின்னர் மீன்பிடி கப்பல்களுக்கு இத்தீவு இறைச்சிக் கிடங்காயிற்று. 18ஆம் நூற்றாண்டில் இறகு வணிகம் தலையெடுத்தது. இறகின்பொருட்டுக் கோடை முழுவதும் தீவில் தங்கிக் கொல்வோர் உளர் என்றும், இதனைத் தடுக்காவிடின் இனம் அருகிவிடும் என்றும் கார்ட்ரைட் என்பார் 1785இல் எழுதிவைத்தார். அவர் எச்சரிக்கை பயனளிக்கவில்லை.

எழுத்துச் சான்று கூறுவதை மண்ணும் உறுதி செய்தது. 1887இல் லூகஸ் என்பார் அத்தீவிற்குச் சென்று பெருந்தொகையான எலும்புகளைத் திரட்டினார். மடிந்த பறவைகளின் உடல் மட்கியே அங்குள்ள மண்ணின் ஒரு பகுதி உண்டாயிற்று. இன்று பஃபின் பறவைகள் அம்மண்ணில் வளைதோண்டி வாழ்கின்றன. சிப்பி மேட்டின் எலும்புகள் பிற உணவின் எச்சங்களோடு கலந்து கிடப்பவை. அவை குடிவாழ்க்கையின் அடையாளம். ஃபங்க் தீவின் எலும்புகளோ ஒரே இனத்தின் குவியல். அவை வணிகக் கொலையின் அடையாளம். இரண்டனையும் ஒன்றெனக் கொள்ளுதல் தகாது.

மூன்றாவது சான்று மரபணுவினின்று வந்தது. 41 பறவைகளின் எச்சங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, பெருவேட்டை தொடங்குமுன் இவ்வினம் நலிவுற்றிருந்ததற்கு அறிகுறி இல்லை எனக் காட்டிற்று.

இயற்கையின் பங்கும் ஒன்றுண்டு. ஐசுலாந்தை அடுத்து இவை தங்கிய பாறைத்தீவு ஒன்று 1830இல் எரிமலைக் குமுறலால் கடலுள் மூழ்கியது. எஞ்சியவை எல்டே என்னும் பாறையை அடைந்தன. அங்கு 1844ஆம் ஆண்டு சூன் திங்களில் கொல்லப்பட்ட இணையே உறுதியாக அறியப்பட்ட இறுதி இணையாகும். அரிதாகிவிட்ட பறவைக்குச் சேகரிப்போர் தந்த விலையே அக்கொலையைத் தூண்டியது. எரிமலை புகலிடத்தைக் குறைத்தது; இனத்தை முடித்தது மனிதன் கையே.

இம்முடிவை எல்லா நிலங்கட்கும் பொதுவாக்குதலும் பிழையாகும். நியூசிலாந்தின் மோவாப் பறவைகள் முதற் குடியேறிகளின் காலத்திலேயே அழிந்தன. ஆதலின், தொல்குடியினர் எங்கும் குற்றமற்றவர் என்றோ, எங்கும் குற்றமுடையவர் என்றோ முன்னரே துணிதல் ஆய்வுநெறி அன்று. எலும்பின் தொகை, அது கிடந்த சூழல், காலம், எழுத்துச் சான்று ஆகியவற்றை ஒருங்கே வைத்து நோக்கியே பழி யாரைச் சாரும் எனத் துணிதல் வேண்டும். வாய்திறந்து மறுக்க இயலாத பழைய மக்கள்மீது தீர்ப்புரைக்குமிடத்து இவ்வெச்சரிக்கை இன்றியமையாதது.