அவசரம்

அவசரம்: விரைவையும் உடனடித் தேவையையும் குறிக்க இன்றைய தமிழர் அன்றாடம் புழங்கும் சொல். வடமொழியிலிருந்து வந்தது. அங்கே ‘அவசர’ என்றால் தக்க சமயம், வாய்ப்பு; பதற்றத்தின் சாயலே அதில் கிடையாது. ‘அவசியம்’ இதற்கு உறவு போலத் தோன்றினாலும் அதன் வேர் வேறு.

பழைய பொருள் கோயில்களில் அழியாமல் தங்கியிருக்கிறது. திருவரங்கத்தில் பெருமாளுக்கு அமுது படைக்கும் வேளை ஒன்றுக்கு இன்றும் ‘பெரிய அவசரம்’ என்றே பெயர். ஓட்டமும் நடையுமாகச் செய்யும் காரியம் அல்ல அது; நாள்தோறும் குறித்த பொழுதில், முறை பிசகாமல் நடப்பது. உரிய வேளை என்பது தவறவிடக் கூடாத வேளையாகி, பிறகு உடனே செய்தாக வேண்டிய நெருக்கடியாகி, கடைசியில் வெறும் வேகமாகவும் ஆனது என்று கொள்வதே பொருத்தம்.

ஒரே சொல் மொழிக்கு மொழி எப்படித் திசை மாறியது என்று பார்க்க, தேனி மாவட்டத்தின் தேவாரம், போடிநாயக்கனூர் வட்டாரத்தைவிடத் தோதான இடம் அரிது. தமிழ் மண், ஆனால் போடி ஜமீன், தெலுங்கு வழிவந்த ராஜகம்பள நாயக்கர்களுடையது. கம்பம் பள்ளத்தாக்கில் கன்னடம் பேசும் குடும்பங்களும் தலைமுறைகளாக வாழ்கின்றன. போடிமெட்டு ஏறினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், ஏலத்தோட்டங்கள்.

விடிகாலையில் தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப்காரர், “வெரசா ஏறுங்க, நேரமாச்சு” என்றுதான் விரட்டுவார். ‘வெரசா’ என்பது விரைவைக் குறிக்கும் தமிழ்ப் பேச்சு வழக்கு. மெட்டைத் தாண்டியதும் மலையாளத்தில் ‘தொழிலவசரம்’ என்று எழுதியிருந்தால், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று அர்த்தமில்லை. வேலைவாய்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். தெலுங்கில் ‘அவசரம் லேது’ என்றால் தேவையில்லை. கன்னடம் மட்டும் தமிழோடு ஒத்துப்போய், ‘அவசர’ என்று விரைவையே சொல்கிறது. மலையாளப் பொருள்தான் இந்திக்கும்: அரசியலமைப்பின் இந்தி முகவுரையில் வாய்ப்புச் சமத்துவத்தைச் சொல்லுமிடத்தில் நிற்பது இதே சொல்.

தெலுங்கர் சொல்லும் ‘தேவை’ தமிழுக்கும் அந்நியமல்ல. ‘ஆத்திர அவசரத்துக்கு உதவும்’ என்று சேலை மடிப்புக்குள் நூறு ரூபாயை முடிந்துவைக்கும் பாட்டி வேகத்தைப் பற்றிப் பேசவில்லை. இக்கட்டான நேரத்துத் தேவையைச் சொல்கிறாள். வேகத்தைப் பழமொழிகள் பார்த்துக்கொள்கின்றன: ‘அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது’, ‘அவசரக் கோலம் அள்ளித் தெளி’.

ஆங்கில ஆட்சியும் தன் பங்குக்கு இரண்டு சொற்களைக் கொண்டுவந்தது. ‘அர்ஜென்ட்’ என்பதன் லத்தீன் வேருக்கு அழுத்துதல், நெருக்குதல் என்று பொருள். ‘எமர்ஜென்சி’யின் வேரோ, முங்கியது மேலெழுவதைக் குறிக்கும். 1975 ஜூன் 25 அன்று இந்திரா காந்தி அரசு கொண்டுவந்த எமர்ஜென்சியைத் தமிழ் இதழ்கள் ‘நெருக்கடி நிலை’ என்றும் ‘அவசர நிலை’ என்றும் எழுதின. இவற்றுள் முன்னதே செறிவானது; நாடு பட்ட பாட்டை அதுதான் சொல்கிறது.

சட்டமன்றம் கூடியிராத வேளையில் ஆளுநர் பிறப்பிக்கும் சட்டத்துக்குத் தமிழில் ‘அவசரச் சட்டம்’ என்று பெயர். அரசியலமைப்பின் 213-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. மன்றம் மறுபடி கூடிய ஆறு வாரத்தில் அது காலாவதியாகும். இந்தத் தொடரைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தது ஜல்லிக்கட்டுப் போராட்டம். அப்போது முதலமைச்சராக இருந்த ஓ. பன்னீர்செல்வம், போடிநாயக்கனூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 2017 ஜனவரி 21 அன்று ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. 23 அன்று அதற்கு மாற்றான மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது.