நம் கல்லாவுக்குள் வந்த ரூபாய்

வணிகர் சங்கத்தின் விழா மலர் என்றால் தலைவர்கள் பட்டியலும் கட்டடம் எழும்பிய வரலாறும் முதலில் வரும். அவற்றை இந்த மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த பக்கங்களில் ரூபாயைப் பற்றி எழுதுகிறேன். ரூபாயை அடிப்பது அரசாங்கம். ஆனால் வத்திராயிருப்பு போன்ற ஊர்களில் அதைப் புழங்க வைத்தவர்கள் கடைக்காரர்கள். எந்தக் காசை வாங்குவது, எதைத் திருப்பித் தருவது, கல்லாவில் எவ்வளவு சில்லறை வைத்துக்கொள்வது என்று தினமும் காலையில் முடிவு செய்தவர்கள் அவர்களே. அந்த உழைப்பை எந்த வரலாற்றுப் புத்தகமும் எழுதவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஷெர்ஷா சூரி டில்லியில் 1540களில் அடித்த வெள்ளி நாணயம்தான் ரூபாயின் தொடக்கம். தெற்கே அது கணக்குப் புத்தகத்தில் ஏற வெகுகாலம் ஆனது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கும்பினியார் காலத்திலும் வராகன், பணம், காசு என்பதுதான் கணக்கு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818 ஜனவரியில்தான் வெள்ளி ரூபாயை மாகாணத்தின் நாணயமாக அறிவித்தார்கள். மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்று மாற்று வைத்தார்கள். அப்போது நம் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இராமநாதபுரம் மாவட்டம் உண்டாகி நாம் அதில் சேர்ந்தது 1910இல். விருதுநகர் மாவட்டம் பிறந்தது 1985இல்.

அறிவித்துவிட்டால் ரூபாய் ஊருக்குள் வந்துவிடுமா? வயல் வேலைக்குக் கூலி நெல். வண்ணாருக்கும் நாவிதருக்கும் களத்துமேட்டில் நெல். வீட்டுப் பெண்கள் உப்பும் கருவாடும் வாங்கியதுகூட நெல்லைக் கொடுத்துத்தான். ரூபாயை உள்ளே இழுத்து வந்தது கிஸ்தி. ரயத்துவாரி முறையில் நிலத்தீர்வையைச் சம்சாரி தவணை தவறாமல் வெள்ளியாகக் கட்ட வேண்டும். அவர் கையில் இருந்ததோ நெல். அந்த நெல்லை வாங்கிக்கொண்டு வெள்ளியைக் கொடுக்க ஒருவர் வேண்டியிருந்தது. அவர்தான் வியாபாரி. அறுவடைக்குப் பின் விலை இறங்கிக் கிடக்கும் நேரத்தில் தவணை வந்ததால் சம்சாரிக்கு நட்டம் நேர்ந்ததும் உண்டு. வட்டிக் கடன் வளர்ந்ததும் உண்டு. நம் தொழிலின் வரலாற்றை எழுதும்போது அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

1835இல் கும்பினியார் தங்கள் ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி ரூபாயைக் கொண்டுவந்தார்கள். 180 கிரெயின் எடை, இன்றைய கணக்கில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இந்த எடைதான் முக்கியம். ஒரு ரூபாயின் எடை ஒரு தோலா என்று ஆனதால், காசே படிக்கல்லாகிவிட்டது. மூன்று ரூபாய் எடை ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. நாட்டு மருந்துக் கடையில் சுக்கும் திப்பிலியும் ரூபாய் எடைக்கு நிறுத்தார்கள். எடைக்கல்லில் சந்தேகம் வந்தால் வாங்குபவர் தம் மடியில் இருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து எதிர்த்தட்டில் போட்டுப் பார்க்கலாம். விலைக்கும் எடைக்கும் ஒரே சாட்சி. அதுவும் வாங்குபவர் கையிலேயே. இதைவிட நேர்மையான ஏற்பாடு நம் கடைத்தெருவுக்குப் பிறகு வாய்க்கவில்லை என்றே நினைக்கிறேன். காசு நல்லதா என்று கட்டைவிரலால் சுண்டி ஓசையைக் கேட்டுப் பார்ப்பார்கள். தேய்ந்த காசும் ஓரம் சுரண்டிய காசும் தராசில் மாட்டிக்கொள்ளும்.

ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற பிரிவு தமிழ்க் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவர்களுக்கு மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. ஆகவே ஓரணா ஒரு மாகாணி, இரண்டணா அரைக்கால், நாலணா கால், எட்டணா அரை, பன்னிரண்டணா முக்கால். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்த கணக்குப்பிள்ளை காகிதம் இல்லாமலே விலை சொன்னார். அணாவுக்குக் கீழே நாலு காலணா, காலணாவுக்குக் கீழே மூன்று தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி.

பழைய பேரேடுகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் பரணில் இருந்து இறக்கிப் பாருங்கள். பிள்ளையார் சுழி, லாபம், அதன் கீழே கணக்கு. ரூபாய்க்கு ௹, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, மேற்படிக்கு ௸ என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி. இன்று கணினி எழுத்துருக்களில் இந்தக் குறிகள் எல்லாம் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். பேரேடுகளைக் கரையான் தின்பதற்கு முன் சங்கம் அவற்றைத் திரட்டிப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று இந்த மலர் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

காகித நோட்டு 1861ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் கைக்குப் போனது. கல்கத்தா, பம்பாய், சென்னை என்று வட்டம் வட்டமாக நோட்டு வெளியிட்டார்கள். ஒரு வட்டத்து நோட்டை இன்னொரு வட்டத்தில் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1903இல் ஐந்து ரூபாய் நோட்டில் தொடங்கித்தான் அந்தத் தடை படிப்படியாக விலகியது. தபாலில் பணம் அனுப்புகிறவர்கள் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதி போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்த பிறகு மறுபாதியை அனுப்பினார்கள். முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டு வந்தது. வெள்ளியைச் சுண்டிப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு ரூபாயே காகிதமாக வந்தால் எப்படி இருந்திருக்கும்! கடைக்காரர் வாங்கினால்தான் அது பணம், வாங்கினார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வணிகத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நமக்குத் தெற்கே உள்ள செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்தது. அங்கே நாணயம் சக்கரம். 16 காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது அவர்களது ரூபாய்க்கு 28 சக்கரம். நம் பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும். இந்த எட்டுக் காசைக் கணக்கில் விட்டவர் மூட்டைக்கு மூட்டை இழந்திருப்பார். கடல் தாண்டிப் போனவர்களுக்கு வேறு அனுபவம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மாவட்டத்துக் கூலிகள் அங்கே ரூபாய்க்கு நூறு சதம் என்று எண்ணினார்கள். இலங்கை 1872லேயே பதின்மத்துக்கு மாறிவிட்டது. நாம் மாற இன்னும் 85 ஆண்டு காத்திருந்தோம்.

இதற்கிடையில் பணத்தைக் கையாளும் இடங்களும் பெருகின. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. பின்னாளில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது அதுதான். 1935 ஏப்ரல் 1 அன்று ரிசர்வ் வங்கி வந்தது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். நெல் கூலி வாங்கிய குடும்பங்களில் ஒருவர் மில் வேலைக்குப் போய்ச் சம்பளத்தைப் பணமாகக் கொண்டு வந்தால், மாதக் கடைசிக் கடன், முதல் வாரப் பற்று வரவு என்று கடைக்கணக்கின் நடையே மாறிவிடும்.

இரண்டாம் உலகப் போர் ரூபாயின் உடலையே மாற்றியது. 1940இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் வெள்ளியே இல்லாத நிக்கல் ரூபாய் வந்தது. படிக்கல்லாக இருந்த ரூபாய் அத்தோடு முடிந்தது. செம்பை மிச்சப்படுத்த 1943இல் நடுவில் துளையிட்ட காலணாவை அடித்தார்கள். அந்த ஓட்டைக் காலணாவை அரைஞாண் கயிற்றில் கோத்துக் குழந்தைகளுக்குக் கட்டியவர்கள் உண்டு. போல்ட்டுக்கு வாஷராகப் போட்டவர்களும் உண்டு.

1957 ஏப்ரல் 1. நம் கடைத்தெரு சந்தித்த மாற்றங்களில் இதைத்தான் மிகப் பெரியதாகச் சொல்வேன். நிதியமைச்சராக அப்போது இருந்தவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றானது. பழைய அணாவும் புதிய பைசாவும் ஒரே கல்லாவில் சில ஆண்டுகள் சேர்ந்து புழங்கின. மாற்றுப் பட்டியல் அச்சடித்துத் தந்தார்கள். காலணாவுக்கு 2 நயா பைசா, அரையணாவுக்கு 3, முக்காலணாவுக்கு 5, ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். காலணா மிட்டாயைத் தனித்தனியாக நாலு முறை வாங்கிய பையன் 8 பைசா கொடுத்தான். ஒரேயடியாக ஓரணாவுக்கு வாங்கியவன் 6 பைசா. பெட்டிக்கடைக்கு அதில் லாபம். ஆனால் ஓரணாச் சரக்கைப் பதினாறு பேருக்குத் தனித்தனியாக விற்றவருக்கு ரூபாய் சேராமல் 96 பைசாதான் சேர்ந்தது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று வாடிக்கையாளரும், சட்டம் ஏமாற்றுகிறது என்று கடைக்காரரும் சண்டை போட்டதில் இரு பக்கமும் நியாயம் இருந்தது. இது அடங்குவதற்குள் எடையும் மாறியது. 1958 அக்டோபரில் தொடங்கி 1962க்குள் வீசையும் பலமும் போய் கிலோவும் கிராமும் வந்தன. விலை, எடை இரண்டும் ஐந்தே ஆண்டில் தலைகீழாயின. மாகாணி வாய்ப்பாடு தெரிந்த கணக்குப்பிள்ளைகள் ஐம்பது வயதில் மீண்டும் கணக்குப் படித்தார்கள். அவர்கள் கலங்காமல் நின்றதால்தான் பொருள் வாங்க வந்தவர்களும் கலங்காமல் திரும்பிப் போனார்கள். இந்த மலரில் யாருக்காவது நன்றி சொல்ல இடம் இருந்தால் அந்தத் தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். 1964இல் ‘நயா’ உதிர்ந்து பைசா மட்டும் நின்றது. பேச்சில் நாலணாவும் எட்டணாவும் அதற்குப் பிறகும் வெகுகாலம் வாழ்ந்தன.

காசு விலையைத் தீர்மானிக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. சிவகாசியிலும் சாத்தூரிலும் செய்கிற தீப்பெட்டியின் விலை 2007 வரை 50 காசு. அதன் பின் ஒரு ரூபாய். 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய். மெழுகும் அட்டையும் பாஸ்பரசும் ஆண்டுதோறும் விலை ஏறினாலும், 60 காசு, 75 காசு என்று விற்க வழியில்லை. கொடுக்கவும் காசில்லை, மீதம் தரவும் காசில்லை. 2011 ஜூன் 30க்குப் பிறகு 25 காசும் அதற்குக் கீழ் உள்ளவையும் செல்லாது என்றானதும் அந்த வழி முழுதாக அடைபட்டது. ஒரு காசில் இருந்து அடுத்த காசுக்குத் தாவ 14 ஆண்டு காத்திருந்தார்கள். இடைப்பட்ட காலத்தின் சுமையைத் தீப்பெட்டித் தொழிலாளியும் சிறு முதலாளியும் சுமந்தார்கள்.

வீட்டு விசேஷங்களில் ஒற்றை ரூபாயின் மதிப்பு இன்னும் குறையவில்லை. மொய் 101, 501, 1001 என்றுதான் எழுதுகிறோம். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிவதும் ஒரு ரூபாய்தான். தாமரைப் பூ போட்ட பித்தளை நிற 20 காசைப் பூஜை அறையில் சேர்த்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். நம் மாவட்டம் தந்த காமராசரின் நூற்றாண்டுக்கு அவர் உருவம் பொறித்த 5 ரூபாய் நாணயம் வந்தது. நோட்டின் பின்பக்க மொழிப்பட்டியில் பதினைந்து மொழிகளில் பதின்மூன்றாவதாகத் தமிழ் நிற்கிறது. 2010 ஜூலையில் ஏற்கப்பட்ட ₹ குறியை வரைந்த உதயகுமாரும் தமிழர்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு 86 பங்கு அவைதான். அந்த வாரங்களில் ஊர் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டது கடனுக்குச் சரக்குக் கொடுத்த கடைகள். அதே ஆண்டு யு.பி.ஐ. வந்தது. இன்று தள்ளுவண்டியிலும் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது, பணம் வந்து சேர்ந்ததை ஒலிபெருக்கிப் பெட்டி தமிழிலேயே சொல்கிறது. நல்லதுதான்.

ஆனால் பத்து ரூபாய் நாணயத்தை நம் பகுதிக் கடைகள் பல வாங்க மறுப்பது எனக்குப் பெரிய வருத்தம். கதிர்கள் பத்தா பதினைந்தா, ₹ குறி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, ஒன்று நல்லது மற்றது போலி என்று யாரோ கிளப்பிய வதந்தி அது. பதினான்கு வடிவங்களில் வெளியான அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஆயிரம் ரூபாய் வரை செல்லும்; 50 காசு பத்து ரூபாய் வரை செல்லும். ஒரு ரூபாய் காகிதமாக வந்தபோது வாங்கிக்கொண்டவர்களின் வழிவந்தவர்கள் நாம். இந்த விழாவுக்குப் பின் கூடும் முதல் பொதுக்குழுவில் எல்லாக் கடைகளிலும் பத்து ரூபாய் நாணயம் வாங்கப்படும் என்று தீர்மானம் போட்டு, ஒவ்வொரு கடை வாசலிலும் அட்டை மாட்ட வேண்டும் என்று முன்மொழிகிறேன். அட்டை அச்சிடும் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன்.